மிசின் அறையில் நின்று பாடியது

ஒப்பறேற்றர் மாமா இன்று போய்விட்டார்... டியூசனில் இருக்கும்போது செய்தி வந்தது. பக்கத்தில் எங்கள் ஒழுங்கையில் குடியிருக்கும் பிள்ளை இருந்தது; வீட்டில் சொல்லிவிடும் என்று அழக்கூட முடியவில்லை.

போர்வைக்குள் இருந்து எழுதுகிறேன். ஃபிரெண்ட்ஸுக்கு மட்டும் தெரியும்படிதான் போடுகிறேன். தயவுசெய்து ஸ்கிரீன்ஷாட் எடுக்க வேண்டாம், அப்பாவிடம் போய்விடும்.

மாமாவின் பெயர் மரியதாஸ். ஊர்காவற்றுறையில் எங்கள் அப்பப்பா கட்டிய தியேற்றரில் படம் ஓட்டியவர்.

சண்டையில் கூரை போனது. எல்லாரும் இடம்பெயர்ந்து திரும்பி வந்தபோது சுவர்தான் மிச்சம். கனடாவில் இருக்கும் பெரியப்பா அதை ஒரு கிறிஸ்தவ சபைக்கு விற்றார். திரை இருந்த இடத்தில் இப்போது சிலுவை.

அன்றிலிருந்து அப்பா அந்த வாசலை மிதிக்கவில்லை. எங்களையும் மிதிக்க விடவில்லை.

மாமா மட்டும் அங்கேயே இருந்தார்... கதவு திறக்க, கூட்ட, ஆட்கள் இருக்கும் வாங்குகளின் காலுக்குக் கட்டை வைக்க. தியேற்றர் தரை அல்லவா, முன்பக்கம் சரிவு. கட்டை இல்லாவிட்டால் இருக்கிற ஆட்கள் சறுக்குவார்கள்.

ஒரு மழைக்கு அங்கே ஒதுங்கினேன். உள்ளே பாட்டுப் பழகிக்கொண்டிருந்தார்கள். என்னையறியாமல் நானும் பாடிவிட்டேன்.

"நீர் முதலாளியின்ரை பேத்தியெல்லே?" பின்னால் மாமா நின்றார்.

பயத்தில் சைக்கிளை எடுத்தேன். அவர் மறிக்கவில்லை, மேலே, முன்பு படம் ஓட்டும் மிசின் இருந்த அறையைக் காட்டினார்.

"மிசின் அறைக்குள்ளை நிண்டு பாடும். அந்த ஓட்டையாலை ஆள் தெரியாது. எவ்வளவு படம் ஓட்டினனான், என்னை ஆர் கண்டது? படம் அறுந்தால் மட்டும் எல்லாரும் திரும்பிப் பாத்து ஏசுவினம்."

பிறகு ஞாயிறு டியூசனுக்கு என்று வெளிக்கிட்டு, படம் போன அந்தச் சதுர ஓட்டைக்குப் பின்னால் நின்று பாடினேன். பாடற்குழு ஜெனிற்றா அக்காவுக்கு மட்டும் தெரியும்.

அந்தக் காலத்தில் அனலைதீவு வள்ளம் வந்து சேரும்வரை மாமா படம் தொடங்க மாட்டாராம். ஜெபத்துக்கும் அப்படித்தான், வள்ளம் பிந்தினால் மணியடிக்க மாட்டார். பாஸ்டர் மணிக்கூட்டைப் பார்ப்பார், மாமா கடலைப் பார்ப்பார்...

நாளை அடக்கம். நான்தான் பாட வேண்டும் என்று மாமா சொல்லி வைத்தாராம், ஜெனிற்றா அக்கா மெசேஜ் போட்டார். ஓம் என்று அனுப்பிவிட்டேன்.

அதற்குப் பிறகு, சாப்பிடும்போது, வெள்ளைச் சேர்ட்டை எடுத்து வைக்கும்படி அப்பா அம்மாவிடம் சொன்னார்.

"அங்கையோ போறியள்?" அம்மா நம்பவில்லை.

"சின்னனிலை அந்த மிசின் அறையிலை, அவரின்ரை மடியிலை இருந்து படம் பாத்தனான். போகாமல் இருக்க ஏலாது."

கோப்பையைக் கழுவி வைத்துவிட்டுப் போர்வைக்குள் வந்துவிட்டேன்.

முகம் தெரியாவிட்டால் என்ன, அப்பாவுக்கு என் குரல் தெரியும். வீட்டில் தினமும் தேவாரம் பாடுவது நான்தானே. அந்த ஓட்டை எங்கே இருக்கிறது என்று மற்ற எல்லாரையும்விட அவருக்குத்தான் தெரியும்...

காய்ச்சல் என்று ஜெனிற்றா அக்காவுக்கு எழுதினேன். அழித்தேன். திரும்ப எழுதினேன். அதையும் அழித்துவிட்டேன்.

மாமா, நாளைக்கு அந்தச் சரிவில் உங்கள் பெட்டிக்கு யார் கட்டை வைப்பார்களோ...

அப்பா திரும்பிப் பார்ப்பார். பார்க்கட்டும், பாட்டு அறாது.

போய் வாருங்கள், மாமா.