சாணுக்கு ஒரு விரற்கடை

எங்கள் அம்மாவிடம் பொய் சொல்லித் தப்பித்தவர்கள் உண்டு. உண்மையைச் சொல்லித் தப்பித்தவர்கள் கிடையாது. "நெசத்தச் சொல்லுதவன் ஏன் எச்சிய முழுங்குதான்?" என்று ஒரே கேள்வியில் ஆளைச் சுருட்டிவிடுவாள். அப்பேர்ப்பட்டவள் கையில், எனக்கு ஒன்பது வயது நடந்தபோது, சித்தப்பாவின் சட்டைப் பையிலிருந்து ஒரு நெயில் பாலிஷ் குப்பி கிடைத்தது. ரத்தச் சிவப்பு. பாதி காலி.

தாராவியில் எங்களுக்கு ஒற்றைக் கோலி. அறை என்று யாரும் சொல்ல மாட்டோம், கோலிதான். அதில் அப்பா, அம்மா, நான், அப்பாவின் தம்பியான சித்தப்பா. அப்பாவுக்கு மில்லில் வேலை. சித்தப்பா சயான் பக்கம் ஒரு கராஜில் டென்டிங் மிஸ்திரி; இடிபட்டு நசுங்கி வருகிற காரின் தகரத்தைத் தட்டித் தட்டிப் பழைய உருவத்துக்குக் கொண்டுவருகிற வேலை. அவர் தட்டி முடித்த இடத்தில் கண்ணை மூடிக்கொண்டு தடவினால் அடிபட்ட இடம் எது என்று சொல்ல முடியாதாம்.

நெயில் பாலிஷில் அம்மாவுக்கு அத்தனை கோபம் வரக் காரணம் இருந்தது. சித்தப்பாவுக்குப் பேசி வைத்திருந்த பெண் அம்மாவுடைய சித்தி மகள். நாங்குநேரிப் பக்கத்துக்காரி, அம்மா இடுப்பில் தூக்கி வளர்த்தவள். "என் கொழுந்தன் தங்கம், கண்ணை மூடிக்கிட்டுக் கொடுங்க" என்று ஊருக்கு வாக்குக் கொடுத்தது அம்மாதான். ஆவணியில் கல்யாணம் என்று இருந்ததைச் சித்தப்பா தைக்குத் தள்ளினார். தை வந்ததும், "அடுத்த தையில வச்சுக்கிடலாம் மதினி" என்றார். ஏன் என்று கேட்டால் எச்சிலை முழுங்கினார்.

எதிர்க் கதவுப் பெரியம்மாவிடம் குப்பி போய்ச் சேர்ந்தது. அவள் எங்களுக்கு உறவில்லை. ஆனால் எங்கள் சந்தில் எந்த வழக்கானாலும் தீர்ப்பு அவள் வாயிலிருந்துதான். குப்பியை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள்.

"ஒரு சொட்டு பாலிஷுக்குப் பின்னால ஒரு விரல் இருக்கும். வெரலுக்குப் பின்னால ஒரு முழுப் பொம்பள இருப்பா. நீ தேடு தாயி."

தேட ஆரம்பித்தால் எல்லாமே தட்டுப்படும் என்பதை அன்று கற்றுக்கொண்டேன். கராஜுக்குப் போய் வருகிற மனுஷன் கையில் கிரீஸ் இல்லை. அதற்குப் பதிலாகத் தோல் வாடையும் பசை வாடையும் வந்தது. வீட்டில் நாலு தட்டு இருக்க, தனக்கென்று ஒரு தட்டும் தம்ளரும் வாங்கிவந்து தானே கழுவித் தனியாகக் கவிழ்த்து வைத்தார். தினம் ஒரு முட்டை தின்றார். முன்பெல்லாம் வாசலில் நுழைந்ததுமே என்னைத் தூக்கித் தோளில் வைக்கிறவர், "நீ பெரிய பிள்ளையாயிட்டேட்டி" என்று எட்ட நின்றே தலையை ஆட்டினார். அதற்குள் எப்படிப் பெரிய பிள்ளையானேன் என்று எனக்கே விளங்கவில்லை.

"பவுசு" என்றாள் அம்மா. "யாரோ ஒரு சண்டாளி தனித் தம்ளர்ல குடிக்கச் சொல்லிக் கொடுத்திருக்கா."

அடுத்த வாரம் அவருடைய பாயை உதறியபோது பழைய செய்தித்தாளில் சுற்றிய பெரிய கறுப்புத் தாள் ஒன்று விழுந்தது. தாள் இல்லை, எக்ஸ்-ரே படம். அம்மா அதை வாசலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தாள். மனுஷ நெஞ்சின் எலும்புக்கூடு வீதி வெளிச்சத்தில் நின்றது. எதிர் வாசலிலிருந்து பெரியம்மா வந்துவிட்டாள். அவள் புருஷன் நெஞ்சு நோயில்தான் செத்தார் என்பதால் அவளுக்கு இதில் டாக்டரைவிட அதிகாரம் உண்டு.

"இந்தா பாரு, எலும்புக்கு நடுவுல பூ பூத்த மாதிரி வெள்ளையா. காசம்." கையைத் துடைத்துக்கொண்டாள். "பொம்பளைன்னாக்கூடத் திருத்திப்புடலாம்."

அம்மா சுவரோடு சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். அந்தக் காலத்தில் காசம் என்ற சொல்லை எங்கள் சந்தில் உரக்கச் சொல்ல மாட்டார்கள். சொன்னால் பால்காரன்கூட அந்த வாசலில் செம்பைத் தொடமாட்டான். தங்கச்சியை இப்படி ஒருவன் கையிலா பிடித்துக் கொடுப்பது? படத்தை இருந்தபடியே சுற்றிப் பாய்க்குள் வைத்தாள். அப்பாவிடம் மூச்சு விடவில்லை. அண்ணனும் தம்பியும் ஒன்று கூடிக்கொள்வார்கள் என்று அவர்மீதும் சந்தேகம்.

அம்மாவுக்கு எழுதத் தெரியாது. முனிசிபல் பள்ளியில் தமிழ் படித்த நான்தான் எங்கள் வீட்டுக் கணக்குப்பிள்ளையும் வக்கீலும். இன்லாண்டு கடிதத்தில் அவள் சொல்லச் சொல்ல எழுதினேன். மாப்பிள்ளைக்கு நெஞ்சில் நோய் இருப்பதாகத் தெரிகிறது. எங்களிடம் மறைத்துவிட்டார். பிள்ளையை வேறு இடத்தில் பார்த்துக் கொடுக்கவும். 'நோய்' என்பதன் கொம்புக்கு இரட்டைச் சுழி போட்டு அழகு வேறு படுத்தியிருந்தேன். ஒட்டி முடித்ததும் அம்மா அதை என் பக்கமே தள்ளினாள்.

"ஏட்டி, இதப் பையில வச்சுக்கோ. மத்தியானம் சோறு தின்னுட்டுப் போவான்லா, பின்னாலயே போ. ஆசுபத்திரிக்குள்ள நொழைஞ்சான்னா நேரே தபால் பெட்டியில போட்டுட்டு வா. நொழையலன்னா திருப்பிக் கொண்டா."

ஒரு கல்யாணத்தையே பள்ளிக்கூடப் பையில் போட்டுக்கொண்டு மூன்று நாள் சித்தப்பாவின் பின்னால் அலைந்தேன். எனக்குக் காலைப் பள்ளி என்பதால் மத்தியானம் சும்மாதான். அவர் கராஜ் இருக்கும் திசைக்கே போகவில்லை. ரயில் பாலம் ஏறி மாட்டுங்காவுக்குள் இறங்கினார். பெரியம்மா எச்சரித்து அனுப்பியிருந்தபடியே திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டுதான் போனார். மடியில் கனம் இருக்கிறவன் நடை அதுதானே.

மாட்டுங்காவில் பூத்தொட்டி வைத்த ஒரு கட்டிடத்தின் முன்னால் வெள்ளை வெளேரென்று ஒரு வெளிநாட்டுக் கார் நிற்கும். சித்தப்பா கட்டிடத்துக்குள் போவார். கால் மணி நேரத்தில் சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டே வெளியே வருவார். வந்ததும் அக்கம் பக்கம் பார்த்துவிட்டு அந்தக் காரின் பக்கத்தில் குந்துவார். பையிலிருந்து முடிச்சுப் போட்ட நூலை எடுத்து விளக்குக்கும் விளக்குக்கும் நடுவே பிடிப்பார். சக்கரத்துக்குக் குறுக்கே பிடிப்பார். விரலை விரித்துக் கதவைச் சாண் போடுவார். மூன்றாம் நாள் அங்கிருந்த காவல்காரன் தடியைத் தட்டினான். "க்யா நாப்தா ஹை ரே? காடி சுரானே கா ஹை க்யா?" காரைத் திருடவா அளக்கிறாய் என்கிறான். சித்தப்பா நூலைச் சுருட்டிக்கொண்டு நடந்தார். நான் விரல் விட்டு எண்ணினேன். பொம்பளை, காசம், இப்போது திருட்டு. ஆனால் அம்மா சொன்னது ஆசுபத்திரி. எனக்குத் தெரிந்த ஆசுபத்திரி சயானில் இருந்தது. அங்கே வரிசை நிற்கும், மருந்து நாறும், யாராவது அழுவார்கள். பூத்தொட்டி இருக்காது. கடிதம் பையிலேயே கிடந்தது.

நாலாம் நாள் அவர் கையில் செய்தித்தாள் சுற்றிய பொட்டலம் இருந்தது. மாட்டுங்கா போய்விட்டுத் திரும்பித் தாராவியின் தோல் கிடங்குகளுக்குள் நுழைந்தார். அங்கே அவருடைய கூட்டாளி ஒருவர் இருந்தார், எல்லோருக்கும் தோல்கடை பாய். கடைக்கு மேலே மரப் பரண். சித்தப்பா ஏணியில் ஏறி மறைந்தார். நான் கீழே ஆட்டுத்தோல் அடுக்குக்குப் பின்னால் பதுங்கினேன். பாய் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு என்னையே பார்த்தார்.

"ஏம்ப்பா, உன் வீட்டுப் போலீஸ் வந்திருக்கு" என்று பரணைப் பார்த்துச் சத்தம் கொடுத்தார். "சின்ன இன்ஸ்பெக்டர். ரிப்பன் வச்சிருக்கு."

சித்தப்பாவின் தலை மேலேயிருந்து எட்டிப் பார்த்தது. முகம் வெளுத்துப் போயிருந்தது.

"மதினி அனுப்புனாளா?"

நான் எச்சிலை முழுங்கினேன்.

"சரி, ஏறி வா மக்கா."

பரணில் பலகையின்மேல் நின்றது கார். மாட்டுங்காவில் நின்ற அதே வெள்ளைக் கார், என் முழங்கை நீளத்துக்குச் சுருங்கி. பொம்மை என்று அதைச் சொல்ல வாய் வரவில்லை. கதவைத் திறந்தால் திறந்தது. ஸ்டியரிங்கைச் சுற்றினால் முன் சக்கரம் திரும்பியது. மண்ணெண்ணெய் டின்னை வெட்டி, மணல் நிரப்பிய தோல் பையின்மேல் வைத்துத் தட்டிய உடம்பு. பாய் கொடுத்த துண்டுத் தோலைக் கண்ணாடிச் சில்லால் சுரண்டிச் சுரண்டி வெங்காயச் சருகாக்கித் தைத்த இருக்கை. ரப்பர் செருப்பில் வெட்டிய டயர். பின்பக்கச் சிவப்பு விளக்குகளில் பாலிஷ் மின்னியது.

"நிஜத்துல ஒரு சாண்னா இதுல ஒரு விரக்கடை. சாணுக்குப் பன்னெண்டு விரக்கடை, எந்த ஊர்லயும் மாறாது" என்றார். அவருடைய குரலில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் கேட்டு மாதக் கணக்கில் ஆகியிருந்தது.

பதினைந்து வயதில் இப்படித்தான் ஒரு கார் செய்தாராம். கூலி வேலைக்குப் போகாமல் தகரத்தோடு விளையாடுகிறான் என்று எங்கள் அப்பா அதைக் காலால் மிதித்துவிட்டாராம். அன்றைக்குப் போட்ட சத்தியம், எட்டு வருஷம் தொடவில்லை. "நெளிஞ்ச காரையெல்லாம் ஆயிரம் நிமித்தியாச்சு. நாம உண்டாக்குனது ஒண்ணு இருக்கணும்லா" என்றார். அப்பாவுக்குப் பயந்துதான் இந்த ஒளிவு மறைவெல்லாம் என்று எனக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. விளங்காமலா இருக்கும், அம்மா மகளாயிற்றே.

"அப்போ அந்த எலும்புப் படம்?"

காரின் கதவைச் சாத்தினார். பிறகு பொட்டலத்தைப் பிரித்தார். சோடா உப்பு கரைத்த வெந்நீரில் படத்தை முக்கித் துணியால் துடைத்தார். கறுப்பு கறுப்பாகக் கழன்றது. விலா எலும்பு ஒவ்வொன்றாகக் கரைந்தது. பெரியம்மா காட்டிய அந்த வெள்ளைப் பூவும் போனது. கடைசியில் தெள்ளத் தெளிவாக ஒரு தகடு மிஞ்சியது. அதை முன்கண்ணாடிக்கு அளவாக வெட்டிப் பொருத்தினார்.

"யாரோட நெஞ்சு சித்தப்பா அது?"

"எவன் நெஞ்சா இருந்தா என்ன? இப்பக் கண்ணாடி."

நான் பையைத் திறந்து கடிதத்தை நீட்டினேன். விலாசத்தைப் பார்த்ததுமே அவருக்குப் புரிந்துவிட்டது. உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று ஒன்றுவிடாமல் ஒப்பித்தேன். ஆசுபத்திரிக்குள் நுழைந்தால்தான் போடவேண்டும் என்ற உத்தரவையும் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் அதை வாங்கவில்லை.

"போடணும்னா போடு மக்கா. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

போடுவேனா? அங்கேயே எட்டாகக் கிழித்தேன். ஒரு பாவமும் அறியாத மனுஷனை நானும் சந்தேகப்பட்டேனே என்று எனக்கு அழுகை வந்தது. கண்ணைத் துடைக்க அவர் கை பாதி தூரம் வந்து, என்னவோ நினைத்துக்கொண்டு திரும்பிப் போயிற்று.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கார் எங்கள் கோலிக்கு வந்தது. அப்பா அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு விரலால் மெல்லத் தள்ளினார். "சக்கரம் கோணாம ஓடுதுலே" என்றார். மன்னிப்புக் கேட்பதில் எங்கள் அப்பா எட்டிய எல்லை அதுதான். அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "ஒரு காருக்கா தம்பி இத்தன கூத்து? நான் என்னவெல்லாம் நெனச்சுட்டேன்!" எதிர்க் கதவுப் பெரியம்மாவோ, "நான்தான் மொதல்லயே சொன்னேன்லா, சொக்கத் தங்கம்னு" என்று கூசாமல் சொன்னாள். அடுத்த தையில் ஊரில் கல்யாணம் நடந்தது.

எனக்கு மூத்த பிள்ளை பிறந்திருந்தபோது துணைக்கு வந்த சித்தி, சித்தப்பாவைக் கட்டிக்கொண்ட அந்த நாங்குநேரிக்காரி, பேச்சுவாக்கில் மிச்சத்தைச் சொன்னாள். அந்தப் படம் சித்தப்பாவுடைய நெஞ்சுதான். பூத்தொட்டிக் கட்டிடம் ஒரு டாக்டரம்மாவின் கிளினிக்; தினம் ஊசி போட்டுக்கொள்ளத்தான் அங்கே போயிருக்கிறார். வெள்ளைக் கார் டாக்டரம்மாவுடையது. பாரம் தூக்காதே, கராஜ் பக்கம் போகாதே, உட்கார்ந்து ஓய்வெடு என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். சும்மா உட்காரத் தெரியாத கை பழைய தகரத்தை எடுத்துக்கொண்டது. நோய் தெரிந்த முதல் வாரமே சித்தப்பா சித்திக்குத் தனியாக எழுதிவிட்டார்: வேண்டாம் என்றால் வேறு காரணம் சொல்லி நிறுத்திவிடு, நான் தப்பாக நினைக்க மாட்டேன். சித்தி பதில் எழுதினாள்: குணமாகட்டும், காத்திருக்கிறேன். என் கடிதம் மட்டும் போயிருந்தால் அவளுடைய அப்பா அந்த வாரமே வேறு மாப்பிள்ளை பார்த்திருப்பாராம். அம்மாவின் சந்தேகம் மயிரிழைகூடப் பிசகவில்லை. சாட்சி சொல்லி அதைத் தோற்கடித்தது நான்.

இதெல்லாம் பிறகு. கல்யாணமான கையோடு சித்தி தாராவிக்கு வந்தபோது எனக்குப் பத்து வயது. வந்த மூன்றாம் நாள் வாசலில் உட்கார்த்தி எனக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். அம்மா குழாயடிக்குப் போயிருந்தாள். புதுப்பெண்ணைச் சிரிக்கவைக்க வேண்டுமே என்று நெயில் பாலிஷிலிருந்து தொடங்கி எல்லாக் கதையையும் சொன்னேன். பெரியம்மாவின் குரலில் "காசம்" என்று சொல்லிக் காட்டினேன். காவல்காரன் மாதிரித் தடி தட்டினேன். சித்தி விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. சீப்பும் நின்றது.

"ஏட்டி, ஒங்க சித்தப்பா தெனமும் மாட்டுங்காவுக்கு ஒத்தையிலயா போயிட்டு வந்தாவ? கூட ஆருமே போகலியா?"

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. "ஏன் போகல? நான் போனேன்லா. பின்னாலயே போனேன்."

சித்தி பாதி பின்னின சடையோடு என்னைத் திருப்பி இறுக்கக் கட்டிக்கொண்டாள். அவள் நெஞ்சு குலுங்குவது என் கன்னத்தில் தெரிந்தது. துப்புத் துலக்கியதற்கு இவ்வளவு பெரிய மரியாதையை எனக்கு யாரும் செய்ததில்லை. பெருமை தாங்காமல், அவள் தோளில் முகம் புதைந்தபடியே சொன்னேன்:

"நீங்க வேணும்னா சொல்லுங்க சித்தி, இன்னமும் போறேன்."