விலகி நிற்கப் பழகிய நாய்

இரண்டு மாதமாக இந்தப் பக்கத்தில் ஆளைக் காணோமே என்று சிலர் விசாரித்திருந்தீர்கள். வீட்டில் ஒரு நாயைப் பழக்கிக்கொண்டிருந்தோம். வேறொன்றுமில்லை.

ராஜபாளையத்தில் எங்கள் தெரு முனையில்தான் மாவு மில். போய் வரப் பத்து நிமிடம். இரண்டு மாதத்துக்கு முன் ஒரு நாள் மாவு அரைத்துத் திரும்பி வந்தால், பக்கத்து வீட்டு மல்லிகா அக்கா எங்கள் வாசற்படியில் நின்று கத்திக்கொண்டிருக்கிறார். ஓய்வுபெற்ற நர்ஸ், லேசில் பதறுகிறவர் இல்லை.

"ஏட்டி, ஓடியா! புள்ள வலிப்பு வந்து கெடக்கா. இந்த நாய் என்னைய உள்ள விட மாட்டேங்கு!"

ஹாலில் என் மகள் நிவேதா குப்புற விழுந்து இழுத்துக்கொண்டிருந்தாள். அவள் மேல் நான்கு காலையும் அகட்டி வைத்து, பல்லைக் காட்டியபடி நின்றது தயிர். எங்கள் நாய்தான் — வெள்ளை வெளேர் என்று இருப்பதால் மகள் வைத்த பெயர்.

கழுத்துப் பட்டையைப் பிடித்து இழுத்து, அறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினேன். அதற்குப் பிறகுதான் அக்கா உள்ளே வந்து அவளை ஒருக்களித்துப் படுக்க வைக்க முடிந்தது. படித்தவள் நான்... அப்போதும் இரும்பைக் கையில் கொடுக்கச் சாவிக்கொத்தைத் தேடுகிறேன்!

"சாவிய வச்சு எந்தப் பூட்டத் தொறக்கப் போற? எம்புட்டு நேரம் இழுக்குன்னு மணியப் பாரு."

நிவேதா கண் திறந்தாள். உதடு கிழிந்திருந்தது. அதோடு போயிற்று.

அந்த நாயை வாங்கியது யார்? நானேதான். நிவேதாவுக்குப் பதிமூன்று வயதில் தொடங்கிய வலிப்பு. இப்போது பத்தொன்பது. ஸ்ரீவில்லிபுத்தூரில் கல்லூரி. பஸ்ஸில் தனியாகப் போய் வருகிறேன் என்று சேர்ந்த நாளிலிருந்து கேட்கிறாள். நான் விடவில்லை. கூடவே போனேன், கூடவே வந்தேன். இடையில் போனில் ஒரு வீடியோ — எங்கோ வெளிநாட்டில், வலிப்பு வரும் பையனுக்குத் துணையாக ஒரு நாய். நாய்க்குப் பேர்போன ஊரில் இருந்துகொண்டு நாம் சும்மா இருப்பதா? உடனே ஒரு குட்டி வந்துவிட்டது.

மகள் கேட்டது பஸ் பாஸ். நான் கொடுத்தது நாய்.

மறுநாள், தயிரை யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று கால்நடை டாக்டரிடம் போனேன். நிவேதாவும் வந்தாள், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு.

"அது மேல தப்பில்லம்மா," என்றார் டாக்டர். "நீங்க வாங்குனது காவல் நாய். விழுந்து கெடக்குற புள்ளைய யாரும் தொடக் கூடாதுன்னு நின்னுருக்கு."

"அப்ப அந்த வீடியோ நாய்?"

"அது சர்வீஸ் டாக். ஒரே ஒரு ஆளுக்குன்னு, அவங்களுக்கு என்ன உதவி வேணுமோ அந்த வேலையப் பழக்கியிருப்பாங்க. மாசக்கணக்குல பயிற்சி. தெரபி டாக் வேற. ஆஸ்பத்திரி, ஸ்கூல்னு கூட்டிட்டுப் போவாங்க. முன்னப்பின்ன தெரியாத அம்புட்டுப் பேரும் தடவினாலும் சும்மா இருக்கும். உங்க தயிர் இருக்குமா?"

நிவேதாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "போஸ்ட்மேன் லெட்டர வீசிட்டு ஓடுதாரு, டாக்டர்."

மூன்றாவதாக ஒரு வகை உண்டாம். தனிப் பயிற்சி எதுவும் இல்லாமல், பக்கத்தில் இருப்பதாலேயே தன் மனிதருக்கு ஆறுதல் தருவது.

"வலிப்பு வந்து முழிக்கும்போது ஒண்ணுமே புரியாது. இது மூஞ்சியப் பாத்தாத்தான் நம்ம வீடுன்னு தெரியும்," என்றாள் நிவேதா மெதுவாக.

எனக்கு அது அன்றுதான் தெரியும். நாயைக் கொடுக்கும் பேச்சை அத்தோடு விட்டேன்.

"வலிப்பு வர்றத முன்னாலயே சொல்லுமா?" என்று டாக்டரிடம் கேட்டேன்.

"சில நாய்க சொல்லுதுன்னு சொல்றாங்க. அத நம்பி மாத்திரைய விட்றாதீங்க. ஒண்ணு வேணாப் பழக்கிப் பாக்கலாம் — உதவிக்கு ஆள் வந்தா விலகிப் போக."

ஹால் மூலையில் ஒரு பாய் விரித்தோம். தினம் சாயங்காலம் மல்லிகா அக்கா அவித்த முட்டையோடு வருவார். நிவேதா விழுந்து கிடப்பதுபோல் நடிப்பாள். அக்கா "பாய்க்குப் போ" என்பார். தயிர் உறுமும்.

"எம்புருசனுக்குக்கூட நான் முட்டை உரிச்சுக் குடுத்ததில்ல. வெக்கமா இல்ல ஒனக்கு?"

ஆறாவது வாரம் ஒரு நாள்... எழுந்தது. தயங்கித் தயங்கி நடந்து பாயில் போய்ப் படுத்தது. கண்ணை மட்டும் நிவேதா மேலிருந்து எடுக்கவில்லை. இன்னமும் சில நாள் அடம் பிடிக்கிறது. ஆனாலும் போகிறது.

தரையில் கிடந்தபடியே மகள் கேட்டாள்: "தயிரு வழி விட்டுருச்சு. நீ எப்பம்மா விடுவ?"

பாசம் என்று பெயர் வைத்துக்கொண்டு நம்மில் எத்தனை பேர் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறோம்!

அவள் தன் பக்கத்து வேலைகளை எப்போதோ முடித்திருந்தாள். அதே பஸ்ஸில் வரும் இரண்டு தோழிகளை வீட்டுக்கு அழைத்து, வலிப்பு வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று அக்காவிடம் பாடம் கேட்க வைத்திருந்தாள். அவளைப் பார்க்கும் நரம்பு டாக்டரும் சரி என்றுவிட்டார். தயாராகாதவள் நான் ஒருத்திதான்.

போன திங்கட்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் ஏறினாள். நான் ஏறவில்லை. பஸ் போன பிறகும் ஸ்டாப்பிலேயே நின்றேன். கொஞ்ச நேரத்தில் போனில் மெசேஜ்.

"சீட் இல்லம்மா. நின்னுக்கிட்டுதான் போறேன்."

'கண்டக்டரிடம் சொல்லி...' என்று டைப் செய்யத் தொடங்கினேன். அழித்தேன்.

நிற்கட்டும்!