கட்டிலடி இளநீர்

தாத்தாவின் புறங்காலில் கட்டைவிரலை வைத்து அழுத்தினால் விழும் குழி, பிசைந்த மாவில் பட்ட தடம்போல, விரலை எடுத்த பிறகும் வெகுநேரம் அப்படியே இருக்கும். அது நிரம்புகிறதா என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்ப்பதுதான் எழுபதுகளில், பாம்பனில், சிறுமியான எனக்கு வேலை. ராமநாதபுரத்து டாக்டர், சிறுநீரகம் கெட்டுவிட்டது, உப்பையும் தண்ணீரையும் குறையுங்கள், இளநீர் கூடவே கூடாது என்றார். அதற்குமேல் செய்ய அன்று எதுவுமில்லை.

ஆனால் எங்கள் பக்கத்தில் நோயாளியைப் பார்க்க யாரும் வெறுங்கையோடு வரமாட்டார்கள். கிணற்று நீர் கரிக்கிற ஊரில் இளநீரைவிடப் பெரிய அன்பு ஏது? தாத்தாவைப் பார்த்துக்கொள்ள வந்திருந்த அவர் மகள், என் அத்தை, "இப்பத்தான் குடிச்சாக" என்று பொய் சொல்லி, வந்ததையெல்லாம் கட்டிலடியில் உருட்டிவிடுவாள். "ஏலே, எனக்குக் கீழ தோப்பே வச்சிருக்கியே, ஒரு சொட்டு மேல வரக் கூடாதாடா?" என்று தாத்தா தன் மகனை, என் அய்யாவைப் பார்த்துச் சிரிப்பார், சிரித்தால் உதடு வெடிக்கும்.

ஒருநாள் அக்காள்மடத்திலிருந்து அத்தையின் மாமனார் வந்தார். அவரிடம் அத்தையின் பொய் எடுபடவில்லை. "நீர் கோத்த ஒடம்புக்கு நீரைக் குடுத்தாத்தான் எறங்கும். நான் கொண்டாந்ததை வேண்டாம்பீகளா?" என்று தானே அரிவாளை எடுத்துச் சீவினார். தடுக்க நீண்ட அய்யாவின் கை, அத்தையின் முகத்தைப் பார்த்துப் பாதியில் நின்றுவிட்டது. தாத்தா கண்ணை மூடிக்கொண்டு, ஒன்றன்பின் ஒன்றாகக் குடித்தார். மறுநாள் மதியம், பேசிக்கொண்டிருக்கும்போதே அவர் நெஞ்சு நின்றது.

அந்த அய்யாவுக்கு இப்போது எண்பதை நெருங்குகிறது. மதுரையில் டயாலிசிஸ் நடக்கிறது. சிறுநீரகம் கெட்டவர்களுக்கு இளநீர் இதயத்தையே நிறுத்திவிடும் என்று அங்கே டாக்டர் விளக்கியபோது, அய்யா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

போன வாரம் என் மகளின் மாமனார் ஆஸ்பத்திரிக்கு வந்தார், கையில் சீவிய இளநீரோடு. "ஒரு வாய் குடிக்கட்டும் தாயி, ஒண்ணும் செய்யாது" என்றார் மருமகளிடம். மகள் என்னையே பார்த்தாள். "எனக்குத்தான் தாகம், சம்பந்தி" என்று வாங்கி, கடைசிச் சொட்டுவரை நானே குடித்தேன். தண்ணீரை அளந்தே குடிக்க வேண்டிய அய்யாவின் கண்கள், ஏறி இறங்கும் என் தொண்டையை விட்டு நகரவில்லை.

பாம்பன் வீட்டுத் தென்னைகள் புயலில் போயின. அந்தக் கட்டிலும் இல்லை, அத்தையும் இல்லை. சம்பந்தி போன பிறகு அய்யா மெல்லக் கேட்டார்:

"இனிச்சுச்சா தாயி?"

நான் அவர் புறங்காலில் கட்டைவிரலை வைத்து அழுத்தினேன். குழி விழுந்தது. அது நிரம்புகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.