புதுக் கூடு

வாங்கிய கொஞ்ச நாளிலேயே எங்கள் ரேடியோவின் பிளாஸ்டிக் கூடு தானாக வெடிப்பு விட்டது. கொம்பனி தங்கள் பிழைதான் என்று ஒப்புக்கொண்டதால், நானும் அண்ணையும் அதைக் கொழும்புக்குக் கொண்டுபோனோம். அங்கே வேலை செய்த சிங்களவர் ஒருவர் புதுக் கூடு மாற்றி, "வீட்டுக்குப் போனதும் பாட்டு கேளுங்க" என்று சிரித்தபடி தந்தார்.

அது போர்க்காலம்; குண்டு செய்ய உதவும் என்று, எங்கள் ஊரான யாழ்ப்பாணத்துக்குப் பற்றரி கொண்டுபோக அரசு தடை போட்டிருந்தது. திரும்பும் வழியில், சோதனைச்சாவடியில் ஒரு சிப்பாய் ரேடியோவின் பின்மூடியைத் திறந்தான். உள்ளே நான்கு புதுப் பற்றரிகள் இருந்தன.

"நாங்கள் போடேல்லை. கொம்பனியிலை போட்டு விட்டிருக்கினம்" என்றார் அண்ணை.

அவன் நம்பவில்லை. பற்றரிகளையும் அண்ணையையும் வைத்துக்கொண்டு, ரேடியோவை என்னிடம் தந்து போகச் சொன்னான். அண்ணை திரும்பி வரவேயில்லை.

"அந்தக் கொம்பனிக்காரன் நாசமாப் போக" என்று அம்மா திட்டும்போதெல்லாம் நான் அந்தப் புதுக் கூட்டைத் துடைத்துக்கொண்டிருப்பேன். அந்தப் பயணத்தில் எங்களுக்கு நல்லதை நினைத்தவர் அவர் ஒருவர்தான்.