குறை சொல்ல ஓர் ஆள்

எனக்கு வந்த நோய்க்கு எங்கள் குடும்பம் வைத்த பெயர் கேஸ்ட்ரிக். பெயர் சூட்டியவர் என் கணவரின் அக்கா. நான் அவரை அண்ணி என்று கூப்பிடுவேன். மூன்று மாதம் நான் சுவரைப் பார்த்தபடி கட்டிலில் கிடந்தபோது, கல்யாண வீட்டிலும் கருமாதி வீட்டிலும் விசாரித்த எல்லாருக்கும் அவர் இதையே சொன்னார். கிளினிக் அட்டையில் மலாயில் ‘கெமுருங்கான்’ என்று கொட்டை எழுத்தில் இருந்தது. மனச்சோர்வு என்று அர்த்தம். அந்த அட்டையை அண்ணி அரிசி டின்னுக்குப் பின்னால் ஒளித்து வைத்தார். வயிறு கெட்டுப்போனால் மானம் போகாதாம், மனசு கெட்டுப்போனால் போய்விடுமாம்.

பார்க்க வந்தவர்களைப் பற்றி நல்லதாகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. “சும்மா உக்காந்திருந்தா இதெல்லாம் வரத்தான் செய்யும் லா. வேலைக்குப் போ, சரியாப் போயிடும்” என்றார் ஒரு சித்தப்பா. அவர் வேலைக்குப் போய்ப் பத்து வருடமாகிறது. ஒன்றுவிட்ட தங்கை ஒருத்தி பச்சைப் பொடி டப்பாவோடு வந்தாள். கலக்கிக் குடித்தால் மனசு லேசாகுமாம், இரண்டு டப்பா வாங்கினால் பாட்டில் இலவசமாம். கோயில் மண்டபத்தில் தன்முனைப்புப் பேச்சு நடத்துகிறவர் ஒருவர், தினமும் கண்ணாடி முன் நின்று ‘நான் வெற்றி பெற்றவள்’ என்று பத்துத் தடவை சொல்லச் சொன்னார். பல் விளக்கக்கூட எழுந்திருக்க முடியாதவளிடம் போய்ச் சொன்னார். எல்லாருக்கும் காப்பி கொடுத்து அனுப்பினார் அண்ணி.

என்னை எழுப்பியது மாத்திரைதான். மெதுவாக எழுப்பியது. தங்காக் டவுனில் நான் வேலை பார்க்கும் துணிக்கடைக்குத் திரும்பிப் போனேன். கிளினிக்கில் என்னைப் பார்த்த மலாய் டாக்டர், நன்றாக இருக்கிறது என்று தோன்றும்போதுதான் கவனம் வேண்டும், நான் சொல்லாமல் மாத்திரையை நிறுத்தாதீர்கள் என்று மூன்று முறை சொன்னார். மூன்று முறையும் தலையாட்டினேன்.

இதற்கிடையே, எனக்குக் குணமானால் என்னைப் பால்குடம் எடுக்க வைப்பதாக அண்ணி வேண்டிக்கொண்டிருந்தார். பங்குனி உத்திரத்தில் எடுத்தேன். அன்று மாலையே வீட்டில் தீர்ப்பு வாசித்தார்.

“நேர்த்திக்கடன் செலுத்தியாச்சு. இனிமேயும் மாத்திரை முழுங்கினா முருகன் மேல நம்பிக்கை இல்லைன்னுதானே அர்த்தம்?”

கூடத்தில் இருந்த எல்லாரும் ஆமாம் போட்டார்கள். அதில் இரண்டு பெண்கள் சர்க்கரை வியாதிக்காக என்னோடு பால்குடம் எடுத்தவர்கள். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகச் சர்க்கரை மாத்திரையைப் போட்டுக்கொண்டார்கள். அவர்களுடைய நம்பிக்கையை யாரும் சோதித்துப் பார்க்கவில்லை. சர்க்கரை என்றால் முருகனும் மருந்தும் கூட்டு, மனசு என்றால் மட்டும் இருவருக்கும் சண்டை.

ஆனால் மாத்திரையை நிறுத்தியது நான்தான். மாத்திரை போடாதே என்று யாரும் என் கையைப் பிடித்துத் தடுக்கவில்லை. நோயாளி என்ற பேர் எனக்கு அலுத்துப் போயிருந்தது. குணமாகிவிட்டவள் என்று நாலு பேர் முன்னால் நிற்க ஆசை. மீதியிருந்த பாதி அட்டை மாத்திரையைக் குப்பையில் போட்டேன். அன்றைக்கு இருந்த என்னை நினைத்தால் மற்ற எல்லார் மேலும் வருகிறதைவிட அதிக எரிச்சல் வருகிறது.

முதலில் ஒன்றும் ஆகவில்லை. பிறகு துணியில் ஆரம்பித்தது. எங்கள் கடையில், ஒருவருக்குப் பிரித்துக் காட்டிய ரோலை அடுத்தவர் வருவதற்குள் சுற்றி வைத்துவிட வேண்டும். ஒருநாள் மூன்று ரோல்களை அப்படியே விட்டேன். அடுத்த வாரம் மேசையே தெரியவில்லை. நாளைக்குச் சுற்றலாம் என்று நினைத்தேன். இரண்டு மாதத்தில் மறுபடியும் கட்டில், மறுபடியும் அதே சுவர்.

இரண்டாம் தடவை எழுந்து உட்கார முதல் தடவையைவிட அதிக நாளானது. டாக்டர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலாம். ஒரு தாளைக் கொடுத்து, இது வருவதற்கு முன்னால் என்னென்ன நடந்தது என்று வரிசையாக எழுதச் சொன்னார். எழுதினேன். துணியைச் சுற்றாமல் விடுவது. தலைக்குக் குளிக்காமல் தள்ளிப்போடுவது. சாப்பிடாமலே சாப்பிட்டேன் என்பது. அடிக்கும் போனைக் குப்புறக் கவிழ்ப்பது. எதைக் கேட்டாலும் களைப்பாக இருக்கிறது என்பது. ஐந்து. இதில் எதையாவது உங்களிடம் கண்டால் முகத்துக்கு நேரே சொல்லக்கூடிய ஒருவரிடம் கொடுங்கள் என்றார்.

யாரிடம் கொடுப்பது? என் கணவர் லோரி ஓட்டுகிறவர், நல்ல மனிதர். நான் சேலையைத் திருப்பிக் கட்டினாலும் நன்றாக இருக்கிறது என்பார். கடையில் கூட வேலை செய்யும் பெண் பாவப்பட்டே என் ரோல்களையும் சேர்த்துச் சுற்றி வைத்துவிடுவாள். அன்பானவர்கள் இந்த வேலைக்கு லாயக்கில்லை. கல்யாணமான இந்தப் பதினெட்டு வருடத்தில் என்னுடைய ஒரு குறையைக்கூடத் தவறவிடாத ஆள் வேண்டும். சாம்பாரில் உப்பு, நெற்றிப் பொட்டு, வாசல் செருப்பு என்று எதையும் விடாத ஒருவரைத்தான் எனக்குத் தெரியும். தாளை நீட்டும்போது வாயெல்லாம் கசந்தது.

அண்ணி படித்தார். “இதெல்லாம் ஒரு வியாதியா?” என்று கேட்டுவிட்டுப் பர்சில் திணித்தார். குப்பைக்குத்தான் போகும் என்று நினைத்தேன்.

மறு வருடம் தீபாவளிக்கு முன்னால் ரவிக்கைத் துணி வாங்கக் கடைக்கு வந்தார். நான் மாத்திரையை விடவில்லை. ஆனாலும் உள்ளே ஏதோ சரிந்துகொண்டிருந்தது, பார்க்காதது போல் இருந்தேன். அண்ணி துணியைப் பார்க்கவில்லை, மேசையைப் பார்த்தார்.

“ஏழு ரோல் பிரிச்சபடி கெடக்கு.”

“தீவாளிக் கூட்டம் அண்ணி.”

“பக்கத்துப் பொண்ணுக்கும் அதே கூட்டந்தான். தலைக்குக் குளிச்சு எத்தன நாளாச்சு?”

“நேத்துதான்.”

அத்தனை வாடிக்கையாளர் முன்னால் என் தலையை இழுத்து மோந்து பார்த்தார். “பொய். மத்தியானம் என்ன சாப்பிட்ட?”

“களைப்பா இருக்கு அண்ணி.”

பர்சிலிருந்து தாளை எடுத்தார். மடிப்பில் கிழிந்து, பசைநாடா ஒட்டியிருந்தது. “இதுவும் இருக்கு, அஞ்சாவது” என்றார். நேரே போய்ச் சீன முதலாளியிடம் எனக்கு லீவு கேட்டு வாங்கி, என்னைக் காரில் ஏற்றினார்.

கிளினிக்கில் நல்ல கூட்டம். முன் வரிசையில் கோயில் தலைவரின் மனைவி உட்கார்ந்திருந்தார். கவுண்டரில் இருந்த நர்ஸ் என்ன பிரச்சனை என்று மலாயில் கேட்டார். கேஸ்ட்ரிக் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். பழக்கம் அப்படி. அதற்குள் மீன் கடையில் பேரம் பேசும் குரலில் அண்ணி முந்திக்கொண்டார்.

“அடிக் ஈப்பார் சாயா. கெமுருங்கான். டத்தாங் பாலிக்.”

என் தம்பி மனைவி, மனச்சோர்வு, திரும்ப வந்திருக்கிறது என்று. எங்கள் வீட்டில் யாருமே, நான் உட்பட, அந்தச் சொல்லை அதுவரை வாய்விட்டுச் சொன்னதில்லை. கோயில் தலைவரின் மனைவி போனிலிருந்து தலையைத் தூக்கினார். அண்ணி அவரை நேராகப் பார்த்தார்.

“கேஸ்ட்ரிக் இல்ல. அன்னைக்கு நான் சொன்னது பொய்.”

பிறகு என் பக்கம் திரும்பி, துப்பட்டா கோணலாகக் கிடக்கிறது என்றார். நான் சரிசெய்துகொண்டேன்.