சிலுவை போடாத ஜாயிண்ட்

நான் ஐந்தாம் வகுப்பு படித்த வருடம், மாதா தேர் பவனியும் எங்கள் பள்ளியின் பரிசளிப்பு விழாவும் ஒரே சனிக்கிழமையில் வந்தன. விழா காலை பத்து மணிக்கு, தேர் மாலை ஆறு மணிக்கு. ஆகையால் ஒன்றோடொன்று இடிக்காது என்றுதான் எல்லோரும் நினைத்தோம்.

அப்பாவை நான் நைனா என்று கூப்பிடுவேன். தண்டையார்பேட்டையில் ஒரு பட்டறையில் வெல்டிங் வேலை. பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை. எங்கள் குடும்பத்தில் முதலில் மிதித்தது நான்தான். அந்த வருடம் 'சுத்தமான நோட்டு'க்கான பரிசு எனக்கு. பரிசு வாங்கும் பிள்ளையோடு அப்பாவையும் மேடைக்கு அழைப்பார்கள். அதற்காக நைனா வெள்ளைச் சட்டை ஒன்றை இஸ்திரி போட்டு, நான்கு நாட்களாக ஆணியில் மாட்டிவைத்திருந்தார்.

ராயபுரத்தில் எங்கள் மாதா கோயிலில் தோளில் தூக்கிப்போகும் தேரின் பழைய மரச்சட்டம் உளுத்துப்போயிருந்தது. இரும்பில் புதுச்சட்டம் செய்துதர நைனா ஒப்புக்கொண்டிருந்தார். இரண்டு வாரம், பட்டறை முடிந்த பிறகு, கோயிலின் பின்கொட்டகையில் வேலை நடந்தது. கூடமாட நான். வெல்டிங் ஆறியதும் மேலே கறுப்பாக ஓடு மாதிரி கசடு படிந்திருக்கும். சின்னச் சுத்தியால் அதைத் தட்டி எடுப்பது என் வேலை. பிறகு நைனா குனிந்து பார்ப்பார், இரும்போடு இரும்பு சேர்ந்திருந்தால் சாக்பீஸால் ஒரு சிலுவை போடுவார். சிலுவை விழுந்த பிறகுதான் நான் அதன்மேல் ரெட் ஆக்சைடு பெயிண்ட் அடிக்கலாம். இந்த வழக்கம் தேருக்காக வந்ததல்ல. கேட், ஜன்னல், கக்கூஸ் கதவு, எது செய்தாலும் நைனா சிலுவை போடுவார். பட்டறைக்காரர்கள் அவரை 'சிலுவக்காரரு' என்று கிண்டல் செய்வார்கள்.

வெள்ளிக்கிழமை மாலை கடைசி ஜாயிண்ட், பின்பக்கக் காலுக்கு அடியில். அதை முடித்ததும், வெல்டிங் செட்டைத் திருப்பி எடுத்துப்போகப் பட்டறை வண்டி வந்துவிட்டது. "தட்டி வையி பாப்பா, ஏத்திட்டு வந்து பாக்குறேன்" என்று நைனா வெளியே ஓடினார். எனக்கோ தலைக்குக் குளிக்க வேண்டும், மறுநாள் போடும் கவுனைத் தோய்க்க வேண்டும். அந்தக் காலுக்கு அடியில் மல்லாந்து படுத்தால்தான் சுத்தி எட்டும். நான் படுக்கவில்லை. கையை மட்டும் உள்ளே விட்டு, கசடின்மேலேயே இரண்டு பூச்சு ரெட் ஆக்சைடு அடித்தேன். பார்க்க மற்ற எல்லாவற்றையும்விட அதுதான் வழவழப்பாக இருந்தது.

நைனா திரும்பி வந்து, "கடைசிக்கு சிலுவ போட்டனா?" என்றார்.

"போட்ட நைனா" என்றேன்.

மறுநாள் காலை அம்மா, நைனா, நான் மூவரும் பள்ளிக்குக் கிளம்பினோம். கோயில் வாசலில் நைனா நின்றார்.

"ஒரு நிமிசம். அந்தக் கடைசிது போட்ட மாதிரியே ஞாபகம் இல்ல."

"லேட்டாவுது நைனா!" என்றேன். குரல் எனக்கே கீச்சென்று கேட்டது.

கொட்டகையில் மாமா, அம்மாவின் தம்பி, தேருக்கு நீல சாட்டின் துணி கட்டிக்கொண்டிருந்தார். நைனா துணியைத் தூக்கி, வெள்ளைச் சட்டையோடு தரையில் படுத்தார். விரலால் தடவினார். சாவியால் தட்டினார். ஒரு சில்லு, என் சிவப்புப் பெயிண்டோடு, அவர் முகத்தில் விழுந்தது. கொஞ்ச நேரம் எழுந்திருக்கவே இல்லை. எழுந்ததும் சட்டையைக் கழற்றத் தொடங்கினார்.

"பட்டறைக்குப் போயி செட்டை எடுத்தாரணும்" என்றார்.

அம்மாவுக்குக் கோபம் தலைக்கேறியது. "இன்னாய்யா ஆச்சு ஒனக்கு? புள்ள மேடயேறப்போவுது. இன்னிக்குன்னு பாத்து வெல்டிங்கா?"

மாமா சிரித்தார். "இன்னா மச்சான் நீ! மேல துணி கீது, பூ கீது, சீரியல் லைட்டு கீது. அடியில எவன் குனிஞ்சு பாக்கப்போறான்?"

"எவனும் பாக்கமாட்டான். அதாண்டா பேஜாரே" என்றார் நைனா. "மேல மாதா. கீழ பதினாறு பசங்களோட தோளு. அவனுங்க என்னெ நம்பித்தானடா தூக்கறானுங்க?"

சத்தம் கேட்டு ஃபாதர் வந்தார். என்ன ஆயிற்று என்று கேட்டார். நான் அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டேன். நைனா என்னைப் பார்க்கவில்லை.

"ஒரு ஜாயிண்டு புடிக்கல ஃபாதர். என் தப்பு."

மேடையில் என்னோடு அம்மா ஏறினாள். அப்பா எங்கே என்று சிஸ்டர் மைக்கிலேயே கேட்டார். "வேலைக்குப் போயிருக்கார்" என்றேன். யாரோ சிரித்தார்கள். சான்றிதழில் 'சுத்தமும் கவனமும்' என்று தங்க எழுத்தில் இருந்தது. அதை நான் நெஞ்சுக்கு நேராகப் பிடித்துக்கொண்டேன். போட்டோவுக்காக மட்டுமல்ல, அதன் பின்னால் ஒளிந்துகொள்ளவும்தான்.

மாலையில் தேர் கிளம்பியது. நைனா மீண்டும் வெள்ளைச் சட்டை போட்டிருந்தார், முதுகில் கொட்டகை மண்ணின் கறையோடு. ஊரே மாதாவின் முகத்தைப் பார்த்துக் கும்பிட்டது. நைனா மட்டும் பின்பக்கக் காலைப் பார்த்துக்கொண்டே கல்மண்டபம் வரை நடந்தார். தேர் திரும்பி வந்து இறங்கிய பிறகுதான் சிலுவைக்குறி போட்டுக்கொண்டார். என் சான்றிதழை வாங்கித் தலைகீழாகப் பிடித்து, "இன்னா எழுதிக்கீது?" என்றார். படித்துக் காட்டினேன். "நல்லாக்கீது பாப்பா" என்று சொல்லி, கசங்காமல் திருப்பிக் கொடுத்தார். பெயிண்டைப் பற்றிக் கேட்பார் என்று காத்திருந்தேன். கேட்கவே இல்லை.

அடுத்த வாரம் ஃபாதரிடம் பாவசங்கீர்த்தனத்தில், கசடின்மேல் பெயிண்ட் அடித்ததையும் சிலுவை போட்டதாகப் பொய் சொன்னதையும் ஒப்புக்கொண்டேன். கூடவே இன்னொன்றும் சொன்னேன்: "என்னைக் காப்பாத்த எங்க நைனாவும் பொய் சொல்லிட்டாரு ஃபாதர். தன் தப்புன்னு உங்ககிட்டயே சொன்னாரு. அவரையும் ஆண்டவர் மன்னிக்கணும்."

பலகைக்கு அப்பாலிருந்து, "அவர் பொய் சொல்லலைம்மா" என்றார் ஃபாதர். பாவம், ஃபாதரையும் நைனா ஏமாற்றிவிட்டார் என்று எண்ணிக்கொண்டு முழங்காலிட்டு என் அபராத ஜெபத்தைச் சொன்னேன்.

இப்போது எண்ணூரில் ஒரு தொழிற்சாலையில் வெல்டிங்கைப் பரிசோதித்துக் கையெழுத்துப் போடுவது என் வேலை. அந்தக் கையெழுத்தில் எனக்குப் பெருமை உண்டு. அந்தச் சனிக்கிழமை நடந்தது எனக்குப் புரிந்தது, பாலிடெக்னிக் இரண்டாம் வருடத்தில், நானே வெல்டிங் செய்து நானே கசடைத் தட்டிய ஒரு மதியத்தில். ஓடு பெயர்ந்தது. அடியில் இரும்பு இரும்போடு சேராமல், மயிரிழை இடைவெளி கறுப்பாகத் தெரிந்தது. பெயிண்ட் எந்த ஜாயிண்ட்டையும் கெடுப்பதில்லை, கெட்டதை மறைக்கத்தான் அதற்குத் தெரியும். வண்டி வந்த அவசரத்தில் நைனாவின் கைதான் அன்று தவறியிருக்கிறது. கசடை உடைத்த அந்த நொடியில் அவர் பார்த்தது என் பொய்யை அல்ல, தன் வேலையை.

உண்மையை அத்தனை பேர் முன்னால் அப்படியே சொன்ன மனிதருக்காகத்தான், அவர் பொய் சொன்னதற்கு என்று அன்று பாவசங்கீர்த்தனத்தில் மன்னிப்புக் கேட்டுவிட்டு, சுத்தமான நோட்டுக்குப் பரிசு வாங்கிய நான் துள்ளிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.