படம் வராத வீடியோ

கச்சிராயபாளையத்தில் தங்கதுரை வீடியோ எடுக்காத குடும்பத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, எதுவானாலும் பந்தல்காரருக்கு அடுத்து அவரைத்தான் கூப்பிடுவார்கள். கேசட் காலத்தில் கள்ளக்குறிச்சியில் மிக்சிங் கற்றுக்கொண்டு வந்து, பஸ் நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில் ஒரு ஷட்டர் கடையில் கம்ப்யூட்டரைப் போட்டு உட்கார்ந்தவர். அந்தக் கம்ப்யூட்டரும் பழசு, அதிலிருந்த எடிட்டிங் சாஃப்ட்வேரும் பழசு. யாராவது மாற்றச் சொன்னால், "ஓடிக்கினு இருக்கற வண்டிய எதுக்குய்யா பிரிக்கணும்?" என்பார்.

தொழிலில் அவருக்கு ஒரு வைராக்கியம் உண்டு. எடுத்த இடத்துச் சத்தத்தை வீடியோவில் வைக்கவே மாட்டார். முன்னொரு கல்யாணத்தில், பெண்ணின் பெரியம்மா கேமராவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, "மாப்ள வூட்ல போட்ட ஒட்டியாணம் கவரிங்காம்டி" என்று சொன்னது அப்படியே பதிவாகிவிட்டது. மாப்பிள்ளை வீட்டில் ஊரைக் கூட்டி டிவியில் போட்டுப் பார்த்தார்கள். அப்புறம் கேட்க வேண்டுமா? சம்பந்திகள் இரண்டு பேரும் தங்கதுரையின் கடை வாசலில்தான் வந்து அடித்துக்கொண்டார்கள். அன்றைக்கே, கேமரா வீடியோவைச் சாஃப்ட்வேருக்கு ஏற்றபடி மாற்றிக்கொடுக்கிற கன்வர்ட்டரில் சத்தம் என்று இருந்த கட்டத்தில் டிக்கை எடுத்துவிட்டார். கேமராவிலிருந்து எது வந்தாலும் ஊமையாகத்தான் உள்ளே வரும், மேலே சினிமாப் பாட்டை ஏற்றிவிடுவார். "சத்தம் இல்லன்னா சண்டையும் இல்ல" என்பது அவருடைய சித்தாந்தம்.

மனைவி ஜெயம்மாள் அவருடைய சொந்த அத்தை மகள். பிள்ளை இல்லை. அவருக்கு அவள், அவளுக்கு அவர். ஊரையே படம் பிடித்த மனுஷன் கட்டினவளை ஒரு நாள் எடுத்ததில்லை. அவள் கேட்டால், "நீ எங்க ஓடிடப் போற? அப்பால எடுக்கலாம்" என்பார். பாவி, அப்படித்தான் சொல்லிக்கொண்டே இருந்தார்.

மழை பிடித்திருந்த சமயத்தில் மகளிர் குழுப் பெண்கள் வேன் பிடித்துக் கல்வராயன்மலைக்குப் போனார்கள். எதிர் வீட்டு அபிநயா புதுசாகப் போன் வாங்கியிருந்தாள். பெரியார் அருவிக்கு முன்னால் ஜெயம்மாளை நிறுத்தி வீடியோ எடுத்தாள். ஜெயம்மாள் பேசியது அபிநயாவிடம் இல்லை. மூங்கில்துறைப்பட்டில் இருக்கிற தன் அம்மாவிடம். அந்த அம்மா, லட்சுமியம்மாளுக்குச் சர்க்கரை வியாதியில் இரண்டு கண்ணும் போய்விட்டது. அதனால் அருவியை அம்மாவுக்கு வாயால் சொல்லிக்காட்டினாள் மகள். வீட்டுக்கு வந்ததும் போனிலேயே அம்மாவைக் கூப்பிட்டு, "உனக்குன்னே பேசி வச்சிருக்கேன். நீ ஆடிக்கு இங்க வரப்ப போடறன், கேளு" என்றும் சொன்னாள்.

ஆடி வருவதற்குள் ஜெயம்மாள் போய்விட்டாள். காலையில் துணி துவைத்துக்கொண்டிருந்தவள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஆட்டோ கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியை எட்டும்போது உயிர் இல்லை.

சுடுகாட்டுக் காரியமெல்லாம் முடிந்த பிறகு, அபிநயா தயங்கித் தயங்கி வந்தாள்.

"மாமா, அத்தை அருவிகிட்ட பேசினது எங்கிட்ட இருக்கு. ஆயாவுக்குப் போடட்டா?"

"இத்துனூண்டு போன்ல எதுக்கும்மா? எங்கிட்ட குடு. பதினாறாம் நாள் படத்திறப்புல டிவில பெருசா போடலாம்" என்றார் தங்கதுரை. அவளைக் கடைக்குக் கூட்டிப்போய், வயரை மாட்டிக் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டார். வாடிக்கையாளர்களிடம் சொல்லிச் சொல்லிப் பழகின வாய் அப்போதும் சும்மா இருக்கவில்லை. "நான் ஏத்திக்கினேன். நீ அழிச்சிக்கம்மா, மெமரி அடைச்சிக்கினு கெடக்கும்" என்றது.

அவள் போனதும் வீடியோவை நேராகச் சாஃப்ட்வேரில் போட்டார். படம் வரவில்லை. திரை முழுக்கக் கறுப்பு. ஆனால் ஹெட்போனில் குரல் வந்தது.

"எம்மோவ்! இங்க பெரியாருக்கு வந்துகிறோம். உனக்குக் கண்ணு தெரியலன்னா இன்னா, நான் சொல்றன் கேளு..."

தங்கதுரை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு அழுதார். மறுபடி போட்டார். மறுபடி அழுதார். தண்ணீர் எந்தப் பாறையில் விழுகிறது, எப்படிச் சிதறுகிறது, யார் யார் நனைகிறார்கள், பக்கத்தில் விற்கிற பலாச்சுளை என்ன வாசனை, எல்லாம் சொன்னாள். இருட்டிலிருந்து அவள் பேசுகிற மாதிரி இருந்தது.

வீட்டுக்குப் போனதும் லட்சுமியம்மாள் காலடிச் சத்தத்தை வைத்தே கண்டுபிடித்துவிட்டாள். காரியம் முடியும்வரை அவள் அங்கேதான் தங்கியிருந்தாள்.

"துரை, கொழந்த பேசினது வந்துச்சா?"

"சத்தம் மட்டும் வருது அத்தே. படம் வரல."

"எனக்குப் படம் எதுக்குடா? கொரலப் போடு, போதும்."

"கொஞ்சம் பொறு அத்தே. சரி பண்ணி, நல்லா போடறன்."

இதோ, இந்த இடத்தில்தான் மனுஷனுக்குப் புத்தி கெட்டது. கறுப்புத் திரையைக் கொண்டுவந்து சொந்தபந்தம் முன்னால் வைப்பதா? இத்தனை வருஷம் ஊருக்கெல்லாம் ஜிகினா வைத்து வீடியோ போட்டவன், பெண்டாட்டிக்கு அரைகுறையாகப் போட்டான் என்று பேச்சு வராதா? கிழவிக்கு அன்றைக்கே ஹெட்போனை மாட்டிவிட்டிருந்தால் முடிந்தது கதை. அவருக்கு அது தோன்றவே இல்லை.

கள்ளக்குறிச்சியில் ஸ்டுடியோ வைத்திருக்கிற சரத்குமாருக்குப் போன் போட்டார்.

"அண்ணே, அது புது போன் இல்ல? ஃபார்மட்டே வேற. உங்க பழைய சாஃப்ட்வேருக்கு அது புரியாது. கன்வர்ட் பண்ணிட்டுப் போடுங்க. கன்வர்ட்டரையும் மொதல்ல அப்டேட் பண்ணிக்கங்க" என்றார் சரத்குமார்.

அப்டேட் செய்தார். கன்வர்ட்டர் புதுசானது, ஆனால் அவர் வைத்திருந்த பழைய செட்டிங்கை அப்படியே வைத்துக்கொண்டது. பட்டனைத் தட்டினார். படம் வந்தது. அடேயப்பா, என்ன படம்! அருவிக்கு முன்னால் ஜெயம்மாள் ஈரத் தலையோடு சிரிக்கிறாள், கையை ஆட்டுகிறாள், வாய் ஓயாமல் பேசுகிறாள். கண்ணீரில் தங்கதுரைக்குத் திரையே சரியாகத் தெரியவில்லை. ஹெட்போனையும் மாட்டவில்லை, திரும்பத் திரும்பக் கேட்ட குரல் காதுக்குள் தானாகவே ஓடியது. சத்தத்துக்கான பச்சைக் கோடு கீழே இல்லை என்பதும் கண்ணில் படவில்லை. கேமராவிலிருந்து அவர் ஏற்றுகிற எந்த வீடியோவிலும் அந்தக் கோடு இருந்ததில்லை, எப்படிப் படும்? முன்னால் சொந்தக்காரர்களிடம் வாங்கிய போட்டோக்களை வைத்து, அதற்கு ஒரு சோகப் பாட்டை ஏற்றி, பாட்டு முடிந்ததும் அவள் பேசுகிற மாதிரி அடுக்கினார். டிஸ்க் நிறைந்துகிடந்தது. கன்வர்ட் ஆனதும் ஒரிஜினலை அழிப்பது பழக்கம். கை தானாகப் போய் அழித்தது. மறுநாளே, தவிர்க்க முடியாத ஒரு காதுகுத்து வீடியோவை அதே டிஸ்க்கில் ஏற்றினார்.

பதினாறாம் நாள் தெருவில் பந்தல் போட்டிருந்தது. படத்துக்கு மாலை போட்டு விளக்கேற்றினார்கள். டிவிக்கு முன்னால் முதல் நாற்காலியில் லட்சுமியம்மாளை உட்கார வைத்தார்கள். பாட்டு ஓடி முடிந்தது. அருவி வந்தது. ஜெயம்மாள் வந்தாள்.

சனம் ஓவென்று அழுதது. "அப்டியே உசுரோட நிக்கறாப்பல கீதே!" என்று ஒருத்தி மார்பில் அடித்துக்கொண்டாள். லட்சுமியம்மாள் மட்டும் அழவில்லை. காதை டிவிப் பக்கம் திருப்பி, மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"சும்மா இருங்கடி, எம்பொண்ணு பேசப் போறா" என்று கூட்டத்தை அதட்டினாள்.

கூட்டம் அடங்கியது. டிவியில் ஜெயம்மாளின் வாய் அசைந்துகொண்டே இருந்தது. தங்கதுரை ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் கூட்டினார். இன்னும் கூட்டினார். வயரைப் பிடுங்கிச் சொருகினார். அப்புறம்தான் அவருக்குத் தான் டிக் எடுத்துவைத்த கட்டம் உறைத்தது. எழுந்து கடைக்கு ஓடினார். அழித்ததை மீட்கிற சாஃப்ட்வேரைப் போட்டுத் துழாவினார். அந்த இடத்தில் காதுகுத்து உட்கார்ந்திருந்தது. அபிநயாவின் வீட்டுக்கு ஓடினார்.

"நீங்கதான மாமா அழிக்கச் சொன்னீங்க? குப்பையில இருந்ததையும் தொடச்சிட்டேனே" என்று அந்தப் பெண் அழுதாள். யாருக்காவது அனுப்பினாயா என்று கேட்டார். அனுப்பவில்லை.

திரும்பி வந்தபோது பந்தி நடந்துகொண்டிருந்தது. லட்சுமியம்மாள் அதே நாற்காலியில், அணைந்த டிவிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். தங்கதுரை அவள் காலடியில் தரையில் உட்கார்ந்தார்.

"அத்தே, கொரலு போயிடுச்சி. நாந்தான் அழிச்சிட்டேன்."

அவள் கையை நீட்டி அவர் தலையைத் தடவிக் கண்டுபிடித்தாள்.

"நீ கேட்டியா?"

"கேட்டேன் அத்தே."

"எத்தினி வாட்டி கேட்ட?"

அவர் தேம்பி அழுதார். அழுகைக்கு நடுவில், "அது சொன்னது எல்லாம் எனக்கு மனப்பாடமா கீது அத்தே. நான் சொல்றன், கேளு. எம்மோவ், இங்க பெரியாருக்கு..." என்று ஆரம்பித்தார்.

லட்சுமியம்மாள் சட்டென்று அவர் வாயைப் பொத்தினாள்.

"வேணாம்டா. நீ சொன்னா அப்பால ஒங்கொரலுதான் எங்காதுல நிக்கும்."

கையை எடுக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள். பந்தியில் யாரோ ரசம் கேட்டார்கள்.